செங்குத்து, சரிவு, வாட்டம்: நிலத்தின் சாய்வைப் பொருள்கொள்ளல்

ஆய்வுச்சுருக்கம்

நிலத்தின் செங்குத்து என்பது நிலத்தில் மட்டும் உறைந்திருக்கும் தனிப்பண்பு அன்று. எந்த அலகில் அளக்கப்படுகிறது, எவ்வளவு நீளத்தை எடுத்துக்கொண்டு அளக்கப்படுகிறது, எச்செயலை முன்னிட்டு அளக்கப்படுகிறது ஆகிய மூன்றையும் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. நீலகிரி மலை இருப்புப்பாதை, நிலவரைபடத்தின் சம உயரக் கோடுகள், காட்சியுணர்வு பற்றிய உளவியல் ஆய்வுகள், மண்சரிவின் இயங்குமுறை ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை இதனை விளக்குகிறது. தமிழில் வழங்கும் செங்குத்து, சரிவு, சாய்வு, வாட்டம் ஆகிய சொற்களை வேறுபடுத்தி ஆள்வதன் தேவையையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சாய்வு, சரிவு, வாட்டம், சம உயரக் கோடு, மலைபடுகடாம், மண்சரிவு

முன்னுரை

ஒரு மலையை அறிமுகப்படுத்துவோர் அதன் உயரத்தையும் செங்குத்தையும் சேர்த்தே கூறுவர். இவற்றுள் உயரத்திற்கு ஐயத்திற்கு இடமில்லாத அளவு உண்டு. தொட்டபெட்டா கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமுடையது என்றால் அது அனைவருக்கும் ஒரே பொருளைத் தரும். ஆனால் நீலகிரி எவ்வளவு செங்குத்தானது என்னும் வினாவிற்கு ஒற்றை விடை கூற இயலாது. உதகமண்டலத்தைச் சூழ்ந்த மேட்டுநிலம் மிக உயரமானது; ஆயினும் அலையலையாக மெல்ல ஏறி இறங்குவது. அம்மேட்டுநிலத்தின் விளிம்போ சமவெளியை நோக்கி வன்மையாக இறங்குவது. உயரம் மிக்க இடமெல்லாம் செங்குத்தானது அன்று. செங்குத்தான இடமெல்லாம் உயரமானதும் அன்று.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சிக்குரியது எனக் கருதுதல் கூடாது. மலைப்பகுதிகளில் வீடு கட்டுதல், சாலை அமைத்தல், மழைக்கால எச்சரிக்கை விடுத்தல் ஆகிய அனைத்தும் சாய்வு பற்றிய கூற்றுகளை அடிப்படையாகக் கொண்டவை. அக்கூற்றுகள் எந்தப் பொருளில் சொல்லப்பட்டன, எந்தப் பொருளில் கேட்கப்பட்டன என்பவற்றிற்கிடையே இடைவெளி இருப்பின் அதன் விளைவை அங்கு வாழ்வோரே ஏற்க நேர்கிறது.

1. சாய்வு என்னும் அளவு

சாய்வு இரண்டு தொலைவுகளின் விகிதம். ஒருவர் கிடைமட்டமாக எவ்வளவு தொலைவு கடந்தார், அதற்குள் எவ்வளவு உயரம் ஏறினார் என்பனவே அவ்விரண்டு. பள்ளிக் கணிதத்தில் நேர்கோட்டின் சாய்வு என்று கற்பிக்கப்படுவதும் இதுவே. இதனை மூன்று வகையாகக் குறிக்கலாம். 100 மீட்டர் கிடைத்தொலைவில் 10 மீட்டர் ஏறும் பாதையை 1:10 என விகிதமாகவும், 10 விழுக்காடு எனவும், ஏறக்குறைய 5.7 பாகை எனவும் கூறலாம். மூன்றும் ஒரே நிலத்தையே குறிக்கின்றன.

விழுக்காடும் பாகையும் ஒரே சீராக வளர்வன அல்ல என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. 45 பாகை என்பது 100 விழுக்காடு. 60 பாகை என்பது ஏறக்குறைய 173 விழுக்காடு. 80 பாகையில் அது 567 விழுக்காடாகிறது. 90 பாகைக்கோ விழுக்காட்டு மதிப்பே இல்லை. கிடைத்தொலைவு சுழியாகிவிடுவதால் விகிதம் வரையறுக்க இயலாததாகிறது. நூறு விழுக்காடு என்றவுடன் முழுமையான செங்குத்து எனக் கொள்வது இயல்பாக நேரும் பிழை. உண்மையில் அது நிலைகுத்துக்கும் கிடைமட்டத்திற்கும் நடுவில் நிற்பது.

அலகைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் கூறுவதால் நேரும் வேறுபாடு சிறிதன்று. ‘முப்பதுக்கு மேற்பட்ட சாய்வு’ என்று ஓர் ஆவணம் கூறுவதாகக் கொள்வோம். முப்பது பாகை என்பது 57.7 விழுக்காடு. முப்பது விழுக்காடு என்பதோ 16.7 பாகை. முதற்பொருளில் படிப்பவர் விலக்கப்பட்ட நிலத்தை ஏற்கத்தக்க நிலமாகவும், இரண்டாம் பொருளில் படிப்பவர் ஏற்கத்தக்க நிலத்தை விலக்கப்பட்ட நிலமாகவும் கொள்ளக்கூடும்.

2. ஓர் எண்ணும் அதன் பயன்பாடும்

அலகு ஒன்றாயினும் பயன்பாடு மாறும்போது செங்குத்தின் பொருள் மாறுகிறது. நீலகிரி மலை இருப்புப்பாதை இதற்குத் தக்க சான்று. மேட்டுப்பாளையத்திற்கும் உதகமண்டலத்திற்கும் இடையே ஏறக்குறைய 46 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் தொடங்கிச் சுமார் 2,200 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்ட இது, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆசியாவின் மிகச் செங்குத்தான இருப்புப்பாதை என இதனை அறிமுகப்படுத்துவது வழக்கம்.

இதன் மொத்தப் பயணத்தின் சராசரிச் சாய்வு ஏறக்குறைய 4 விழுக்காடு மட்டுமே. மிகக் கடினமான பகுதியாகிய கல்லாறு – குன்னூர் இடையிலும் அதிகபட்சச் சாய்வு 1:12, அதாவது 8.33 விழுக்காடு. பாகையில் கூறின் ஐந்திற்கும் குறைவு. வழவழப்பான எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது இரண்டிற்கும் இடையிலான பிடிப்பு மிகக் குறைவு. ஆகவே இச்சாய்வில் சாதாரண வண்டி சறுக்கிவிடும். தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுமாறு செய்த ஆப்ட் முறை இதன் பொருட்டே கொள்ளப்பட்டது. குன்னூருக்கு மேல் சாய்வு குறைவதால் பற்சட்டம் இல்லை.

இதே 1:12 என்னும் விகிதமே மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்திற்கும் இந்தியாவில் உச்ச வரம்பாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவமனை வாயிலில் இருக்கும் சாய்தளமும் நீலகிரி இருப்புப்பாதையின் கடினமான பகுதியும் சாய்வில் ஒத்தவை. முன்னதை நடந்து செல்வோர் ஏற்றமாகவே உணர்வதில்லை. சக்கர நாற்காலியைத் தம் கைகளால் உந்துபவருக்கு அதுவே எல்லை. இருப்பூர்திக்கோ அது பற்சக்கரமின்றிக் கடக்க இயலாத மலை. எண் மாறவில்லை, ஏறுபவரே மாறுகின்றனர். ஆகவே ‘செங்குத்தானது’ என்னும் கூற்று, ‘இதற்கு, இவருக்கு’ என்னும் குறிப்பை உள்ளடக்கியே பொருள் தருகிறது.

நீளத்தைக் கூட்டிச் சாய்வைக் குறைப்பதும் இவ்வடிப்படையிலேயே நிகழ்கிறது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மலையின் உயரத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. அதே உயரத்தை மிகுந்த தொலைவில் பரப்பி, உந்துவண்டிகளுக்கு இயலும் சாய்வாக மாற்றுகின்றன. மலைப்பக்கத்தின் சாய்வும் அதன்மேல் செல்லும் பாதையின் சாய்வும் வெவ்வேறானவை என்பதும் இதனால் விளங்கும்.

3. தமிழ்ச் சொல்லாட்சி

இவ்வேறுபாடுகளைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஆளப்படுவதே இடர்ப்பாடு.

‘செங்குத்து’ என்பது கணிதத்தில் 90 பாகையைக் குறிக்கும் கலைச்சொல். பொதுவழக்கிலோ ஏறக் கடினமான எந்தச் சாய்வையும் அது குறிக்கிறது. 35 பாகைச் சாய்வுடைய மலைப்பக்கத்தைச் செங்குத்தானது என ஒருவர் கூறினால் பொதுவழக்கில் அது பிழையன்று. கலைச்சொல்லாகக் கொண்டால் பிழை. பள்ளிப் புவியியல் நூல்கள் இவ்விடத்தில் ‘வன்சரிவு’, ‘மென்சரிவு’ என்னும் இணையை ஆள்கின்றன. நிலைகுத்தையும் கடுமையான சாய்வையும் பிரித்துக்காட்டும் இவ்வாட்சி போற்றத்தக்கது.

‘வாட்டம்’ நீரோட்டத்தை முன்னிட்ட சொல். கொத்தனார் தரைக்கு வாட்டம் விடுவதும், உழவர் வயலின் வாட்டம் பார்த்து வாய்க்கால் எடுப்பதும் நீர் தேங்காது ஓடவேண்டும் என்பதற்காகவே. நூற்றுக்கு ஒன்று என்னும் அளவோ அதனினும் சற்று மிகுதியோ இருந்தால் தரைக்கு அது போதும். கண்ணுக்குப் புலப்படாத இச்சாய்வை நீர் அறியும். ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்பன நடப்பவரின் திசையை முன்னிட்டவை. ஒரே பாதை செல்வோர்க்கு ஏற்றமாகவும் மீள்வோர்க்கு இறக்கமாகவும் பெயர் பெறுகிறது. ‘சாய்வு’ இவை எவற்றையும் சாராத பொதுவான அளவுச்சொல்லாக நிற்கிறது.

பழந்தமிழில் மலைப்பக்கத்தைக் குறித்த சொற்கள் சாய்வின் அளவைக் காட்டிலும் மலையின் அமைப்பை முதன்மையாக்குகின்றன. அடுக்கம் என்பதில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தோற்றம் புலப்படுகிறது. கவான் என்னும் சொல் தொடையையும் மலைப்பக்கத்தையும் குறித்து, மலையை அமர்ந்திருக்கும் உடலாகக் காணும் பார்வைக்கு இடந்தருகிறது. மலைச்சரிவைக் குறித்த சாரல் என்னும் சொல், இன்று மலையை அடுத்துப் பெய்யும் தூறலுக்கும் பெயராகியுள்ளது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ‘சரிவு’. சரிதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், நிலத்தின் வடிவத்தையும் நிலம் நழுவும் நிகழ்வையும் ஒருங்கே குறிக்கிறது. மலைச்சரிவு என்றால் வடிவம். நிலச்சரிவு என்றால் நிகழ்வு. ஈழத்து வழக்கில் அந்நிகழ்வு மண்சரிவு எனப்படுகிறது. நிற்கும் நிலமும் நழுவும் நிலமும் ஒரே சொல்லால் சுட்டப்படுவது கலைச்சொல் நோக்கில் குறையாகத் தோன்றலாம். ஆனால் சரிவு என்பது நழுவுதலுக்கும் நிற்றலுக்கும் இடையிலான சமநிலை என்னும் புவியியல் உண்மைக்கு அச்சொல் மிக அணுக்கமானது. இது ஆறாம் பகுதியில் விரிவாக விளக்கப்படும்.

4. கண்ணும் காலும்

மனிதக் கண் சாய்வை உள்ளவாறு அறிவதில்லை. டென்னிஸ் புரோஃபிட்டும் உடனாய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 5 பாகைச் சாய்வுடைய குன்றை அதன் அடியில் நின்று நோக்கியவர்கள் சராசரியாக ஏறக்குறைய 20 பாகை என மதிப்பிட்டனர். அதே மனிதர்கள் குன்றின் சாய்வுக்கு இணையாக ஒரு பலகையைக் கையால் சாய்த்துக் காட்டியபோது அவர்தம் மதிப்பீடு உண்மைக்கு அணுக்கமாக இருந்தது. சொல்லால் கூறும்போது மிகும் அளவு, கையால் காட்டும்போது மிகவில்லை.

முதுகில் சுமை ஏற்றியபோதும் களைத்திருந்தபோதும் குன்று மேலும் செங்குத்தாகத் தோன்றியது என முகுல் பல்லாவும் புரோஃபிட்டும் 1999-இல் எழுதினர். ஏறுவதற்கு வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டே கண் மலையைக் காண்கிறது என்பது அவர்தம் விளக்கம். இதனை ஃபிராங்க் டர்கினும் பிறரும் 2009-இல் மறுத்தனர். சுமை ஏற்றப்பட்டதன் நோக்கத்தை ஊகித்துக்கொண்ட பங்கேற்பாளர்கள் அதற்கேற்ப விடை கூறினர் என்றும், சுமைக்கு வேறொரு காரணம் கூறப்பட்டபோது அவ்விளைவு காணப்படவில்லை என்றும் அவர்கள் காட்டினர். சுமையின் விளைவு பற்றிய கருத்து வேறுபாடு ஒருபுறம் இருப்பினும், மனிதர் சாய்வைப் பெரிதும் மிகைப்படுத்தியே மதிப்பிடுகின்றனர் என்பது இரு தரப்பாரும் ஒப்பிய செய்தி.

கண் மிகைப்படுத்தினும் காலுக்குரிய இடர் சாய்வின் அளவோடு முடிவதில்லை. 15 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட படிகளாலான படிக்கட்டின் மொத்தச் சாய்வு 50 விழுக்காடு, அதாவது 26.6 பாகை. முதியோரும் அதில் ஏறுகின்றனர். அதே சாய்வில் ஈரம் படிந்த வழுக்குப்பாறையில் இளையோரும் நிற்க இயலாது. காலூன்றும் இடம் கிடைமட்டமாக உள்ளதா, பற்றுக்கோடு உண்டா என்பனவே அங்கு முதன்மை பெறுகின்றன.

பத்துப்பாட்டுள் 583 அடிகளால் அமைந்ததும் கூத்தராற்றுப்படை எனப்படுவதுமாகிய மலைபடுகடாம் இவ்வகையில் நோக்கத்தக்கது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை அந்நூல் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பாசி மூடி அடியைத் தளர்த்தும் இடங்களில் வழியோரத்து மூங்கிலையும் கோரையையும் பற்றிச் செல்லவேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் காத்துச் செல்லவேண்டும் என்றும் அது வழிப்படுத்துகிறது. மலையின் கடுமை அங்கு அளவாகக் கூறப்படவில்லை. அடி எங்கே தளரும், கை எதைப் பற்றும் என்னும் அறிவாகக் கூறப்படுகிறது. நடப்பவர்க்கு வேண்டிய செங்குத்து இதுவே.

5. வரைபடம் காட்டுவதும் மறைப்பதும்

நடப்பவர் அடிதோறும் அறியும் சாய்வை, திட்டமிடுபவர் வரைபடத்தில் அறிகிறார். சம உயரக் கோடுகள் நெருங்கியிருப்பின் வன்சரிவு, அகன்றிருப்பின் மென்சரிவு என்பது அனைவரும் அறிந்ததே. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடங்களில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு அமைகிறது. இரு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் நிலத்தில் அது 50 மீட்டர். அங்குச் சாய்வு 40 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 22 பாகை.

இக்கணக்கு 50 மீட்டர் தொலைவிற்கான சராசரியை மட்டுமே தருகிறது. அத்தொலைவிற்குள் 10 மீட்டர் உயரமுடைய நிலைகுத்தான வெட்டு ஒன்று இருந்தாலும் அது இரு கோடுகளுக்கிடையே மறைந்துவிடக்கூடும். செயற்கைக்கோள் வழிப் பெறப்படும் உயரத் தரவுகளிலும் இந்நிலை உண்டு. 30 மீட்டர் கட்டத்தில் 15 பாகைச் சாய்வு என்பது ஏறக்குறைய 8 மீட்டர் ஏற்றத்தைக் குறிக்கும். அவ்வேற்றம் சீராகப் பரவியிருக்கலாம். அல்லது வீடு கட்டுவதற்காக மலையை வெட்டிய 6 மீட்டர் மண்சுவரும், எஞ்சிய இடத்தில் 4 பாகை அளவில் ஏறும் தளமுமாக இருக்கலாம். வரைபடம் இரண்டையும் 15 பாகை என்றே வண்ணமிடும். முதல் நிலத்தில் வாழ்பவரும் இரண்டாம் நிலத்தில் அம்மண்சுவரின் அடியில் உறங்குபவரும் ஒரே இடர்நிலையில் இல்லை.

கட்டத்தின் அளவு பெரிதாகப் பெரிதாகக் கணக்கிடப்படும் சாய்வு குறைந்து காணப்படுவதும் இதன் விளைவே. எனவே எந்நீளத்திற்கு அளக்கப்பட்டது என்னும் குறிப்பின்றிக் கூறப்படும் சாய்வு முழுமையான செய்தி ஆகாது.

6. நிற்கும் சரிவும் நழுவும் சரிவும்

உலர்ந்த மணலைக் குவித்தால் குவியலின் பக்கம் ஏறக்குறைய 30 முதல் 35 பாகைக்குள் நின்றுவிடுகிறது. மேலும் மணல் இட்டால் அது சரிந்து மீண்டும் அதே சாய்வை அடைகிறது. கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் கூறும், துகள்களின் உராய்வால் எழும் தடுப்பும் அக்கோணத்தில் சமமாகின்றன. மலைப்பக்கத்தின் மண்ணும் இவ்வடிப்படையிலேயே நிற்கிறது. களிமண்ணின் ஒட்டுந்தன்மையும் மரவேர்களின் பிடிப்பும் அத்தடுப்பிற்கு வலுச்சேர்க்கின்றன.

மழைநீர் மண்ணை நிறைக்கும்போது சாய்வு மாறுவதில்லை, தடுப்பே குறைகிறது. துகள்களுக்கிடையில் நிறைந்த நீரின் அழுத்தம் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது. ஒட்டுந்தன்மையற்ற மண் முழுதும் நீரால் நிறைந்து, நீர் சரிவுக்கு இணையாகக் கசியும் நிலையில், அது தாங்கக்கூடிய சாய்வின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உலர்நிலையில் 34 பாகை வரை நிற்கும் மண், அந்நிலையில் 18 அல்லது 19 பாகைக்கு மேல் நிற்க இயலாது. கோடையில் ஐயமின்றி நின்ற 25 பாகைச் சரிவு ஐப்பசி, கார்த்திகை மழையில் நழுவுவதன் காரணம் இதுவே. மாறாக, மிகச் செங்குத்தான பாறைமுகங்களில் மண் தங்குவதே இல்லை. அங்குப் பாறை விழலாம். நழுவுவதற்குரிய மண் இல்லை. ஆகவே சாய்வு மிக மிக மண்சரிவு இடரும் அதே அளவில் மிகும் எனக் கொள்ள இயலாது.

இடர் நேரும் இடமும் சரிவு தோன்றும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்த பேரிடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில் சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றுவழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை அழித்தன. மலைச்சரிவிலிருந்து தொலைவில், ஆற்றங்கரையில் வாழ்ந்தோரும் அதில் மடிந்தனர். தம் வீடு நின்ற நிலத்தின் சாய்வை மட்டும் அளந்திருந்தால் அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது.

இலங்கை மலையகத்தின் பட்டறிவு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையின் மீரியபெத்தை தோட்டத்தில் நேர்ந்த மண்சரிவு, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் இடர்மிக்கது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. சாய்வு பற்றிய அறிவு இருந்தும், மாறிச் செல்ல வேறு இடம் அமையாதவர்க்கு அவ்வறிவு காப்பாகவில்லை. எச்சரிக்கையின் சொல் தெளிவாக இருத்தல் முதற்படி. அதுவே முழுமை ஆகாது.

முடிவுரை

நிலத்தின் செங்குத்து பற்றிய கூற்று பொருளுடையதாக அமைய மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். விழுக்காடா பாகையா என்னும் அலகு, எவ்வளவு நீளத்திற்கு அளக்கப்பட்டது என்னும் அளவுத்திட்டம், எதற்காக அளக்கப்பட்டது என்னும் பயன்பாடு ஆகியன அவை. இவற்றுள் ஒன்று விடுபடினும் எண் மட்டும் எஞ்சும், பொருள் எஞ்சாது.

சொல்லாட்சியிலும் இதற்கேற்ற ஒழுங்கு இயலும். ‘செங்குத்து’ என்பதை ஆய்வெழுத்தில் 90 பாகைக்கும் அதனை ஒட்டிய நிலைக்கும் வரையறுத்துக்கொள்ளலாம். அளவைக் குறிக்கச் ‘சாய்வு’, நீரோட்டத்திற்கு அமைக்கும் மென்மையான சாய்வுக்கு ‘வாட்டம்’, நிலவடிவத்திற்கு ‘வன்சரிவு’, ‘மென்சரிவு’, நிகழ்வுக்கு ‘நிலச்சரிவு’ அல்லது ‘மண்சரிவு’ எனப் பகுத்தாளலாம். இவை புதிதாக ஆக்கவேண்டிய சொற்கள் அல்ல, வழக்கில் உள்ளவையே.

மென்சரிவு என்னும் சொல் பாதுகாப்பானது என்னும் பொருளை எங்கும் தருவதில்லை என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். வடிவத்திற்கும் நிகழ்வுக்கும் தமிழ் ‘சரிவு’ என ஒரே பெயரிட்டிருப்பது அதனை நினைவூட்டுகிறது. மலைப்பக்கத்தில் நிற்கும் மண், நழுவாது தடுத்து நிறுத்தப்பட்டுள்ள மண். எது அதனைத் தடுத்து நிறுத்துகிறது, அத்தடுப்பு எந்த மழையில் தளரும் என்று வினவுவதே சாய்வை அளப்பதன் அடுத்த படி.